காம்பவுண்டு சுவரைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்கள்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அதிகாரிகளுக்கும் மாநில ஸ்குவாஷ் சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு பி.டி. சார். கணக்கு சார் வந்து "போர்ஷன் முடியல சார்" என்று தலையைச் சொறிந்தால் பீரியடை விட்டுக்கொடுத்துவிடும் இனம்.

2025 டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுத் திண்ணையில் ஏழு பிள்ளைகள், நடுவில் என் கைப்பேசி. சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலுக்குள் நிறுத்திய கண்ணாடிக் கோர்ட்டில் சுவரில் பந்தடித்து ஆடும் ஸ்குவாஷின் உலகக் கோப்பை இறுதிப் போட்டி, இந்தியாவும் ஹாங்காங்கும். முதலில் இறங்கியவர் ஜோஷ்னா சின்னப்பா. "இந்த அக்காவுக்கு என்ன வயசு சார்?" என்று ஒருத்தி கேட்டாள். முப்பத்தொன்பது என்றேன். "எங்கம்மாவவிட பெரியவங்களா!" என்று வாயைப் பிளந்தவள், ஜோஷ்னா ஜெயித்து முடிக்கும் வரை மூடவில்லை. அடுத்து அபய் சிங், அடுத்து பதினேழு வயது அனாஹத் சிங். 3-0. வேலவன் செந்தில்குமார் மட்டையை உறையிலிருந்து எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அரையிறுதியில் எகிப்தையும் இதே 3-0 கணக்கில்தான் சாய்த்திருந்தார்கள். ஸ்குவாஷில் எகிப்தை வெல்வது லேசுப்பட்ட காரியமில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கோப்பையைத் தூக்கிய நால்வரில் மூவர் சென்னையில் பயிற்சி பெற்ற தமிழ்நாட்டுக்காரர்கள். பெருமையாக இருந்தது. அன்று இரவு படுத்த பிறகுதான், சென்னைக்கு வெளியே இருக்கும் பிள்ளைகள் எந்தச் சுவரில் அடித்துப் பழகுவார்கள் என்று யோசித்து, இந்த மடலை எழுதத் தோன்றியது.

எங்கள் பள்ளியில் ஸ்குவாஷ் நுழைந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 செப்டம்பர் 30 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டு ஆண்கள் குழு இறுதிப் போட்டியில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. ஆளுக்கு ஒன்று ஜெயித்து 1-1. கடைசி ஆட்டம் அபய் சிங்குக்கும் நூர் சமானுக்கும். ஐந்தாவது செட்டில் அபய் 8-10 என்று பின்தங்கியிருந்தார். இன்னும் ஒரு புள்ளி போனால் தங்கம் போய்விடும். அங்கிருந்து நான்கு புள்ளிகளைத் தொடர்ந்து எடுத்து 12-10. நான் கபடிக்காரன். மூச்சு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்த நான்கு புள்ளிகளுக்கும் நான் மூச்சு விட்டதாக ஞாபகமில்லை.

இரண்டு நாள் கழித்து, காந்தி ஜெயந்தி விடுமுறையில், அளவு நாடாவோடு பள்ளிக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்புக் கட்டடத்தின் பின்சுவர் ஜன்னல் இல்லாமல் மொட்டையாக நிற்கும். 6.4 மீட்டர் அகலம் அளந்தேன். தரையிலிருந்து 48 சென்டிமீட்டரில் ஒரு கோடு. 1.78 மீட்டரில் சர்வீஸ் கோடு. மேல் கோடு 4.57 மீட்டரில் வர வேண்டும். சுவர் அவ்வளவு உயரம் இல்லை. மொட்டை மாடியின் விளிம்பையே மேல் கோடாக வைத்துக்கொண்டோம். கீழே உள்ள 48 சென்டிமீட்டர் பட்டைக்கு ஆங்கிலத்தில் 'டின்'. நமக்கு எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள், தகரம்! ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய அறிவிப்புப் பலகையின் தகரத்தை வெட்டி அடித்தேன். பந்து தாழ்ந்தால் 'டங்' என்று காட்டிக்கொடுத்துவிடும். நடுவரே வேண்டாம்.

அடுத்த திங்கட்கிழமை வழிபாட்டுக் கூட்டத்தில் ஸ்குவாஷ் கற்றுத்தரப் போகிறேன் என்று அறிவித்தபோது ஆறாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், ஆரஞ்சா கிரேப்பா?" விருந்தாளிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் ஸ்குவாஷ்தான் அவனுக்குத் தெரியும். சுவர்ப்பந்து என்று தமிழில் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். சுவரில் பந்தடித்து விளையாடாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது?

இந்த விளையாட்டின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். பணக்காரர் விளையாட்டு என்ற எண்ணம்தான் எனக்கும் இருந்தது. பிறந்த இடத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. லண்டனில் ஃப்ளீட் என்று ஒரு சிறை. கடனைக் கட்ட முடியாதவர்களை அடைத்து வைத்த இடம். அவர்கள் பொழுது போகாமல் சிறைச் சுவரில் பந்தடித்த ஆட்டம்தான் ராக்கெட்ஸ். அது அங்கிருந்து ஹாரோ என்ற பெரிய இடத்துப் பள்ளிக்குப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்த மாணவர்கள் காற்றுப் போன, அமுக்கினால் நசுங்கும் ரப்பர் பந்தை வைத்து ஆடிப் பார்த்திருக்கிறார்கள். பந்து வேகம் குறைந்து, ஓடி எடுத்தால்தான் ஆட்டம் என்றாயிற்று. நசுங்கும் பந்து என்பதால் ஸ்குவாஷ் என்று பெயர். கடன்காரன் கண்டுபிடித்ததற்குக் கனவான் பெயர் வைத்த கதை.

வெள்ளைக்கார அதிகாரிகள் போன ஊரெல்லாம் இதைக் கொண்டுபோய் கிளப்பில் பூட்டி வைத்தார்கள். பெஷாவரிலும் அப்படித்தான். அங்கே நவாக்கில்லி என்ற கிராமத்தைச் சேர்ந்தவர் ஹாஷிம் கான். அப்பா அதிகாரிகள் கிளப்பில் ஊழியர். அந்தக் கோர்ட்டுகளுக்குக் கூரை கிடையாது. மேலே பறந்து வெளியே விழும் பந்தை எடுத்துப் போடுவது சிறுவன் ஹாஷிமின் வேலை. துரைமார்கள் ஆடி முடித்து ஓய்வெடுக்கப் போன பிறகு, கொளுத்தும் வெயிலில், வெறுங்காலோடு தனியாக இறங்கி ஆடிக் கற்றுக்கொண்டார். 1944இல் பம்பாய்க்குப் போய் அகில இந்தியப் பட்டத்தை ஜெயித்தார். பிரிவினைக்குப் பின் அவர் சொந்தக்காரரும் ஏற்கெனவே அவரிடம் தோற்றவருமான அப்துல் பாரி இந்தியாவின் சார்பில் 1950 பிரிட்டிஷ் ஓப்பன் இறுதி வரை போனார். அந்நாளில் உலகப் பட்டத்துக்குச் சமமான போட்டி அது. செய்தியைக் கேட்ட ஹாஷிமுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறு ஆண்டு பாகிஸ்தான் அவரை அனுப்பியது. நாற்பதை நெருங்கும் வயது. எகிப்தின் மஹ்மூத் கரீம் நான்கு ஆண்டுகளாக விடாமல் வைத்திருந்த பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்தார். பிறகு இன்னும் ஆறு முறை.

அதிகாரிகளே, இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எங்கள் பள்ளியிலும் மொட்டை மாடியில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். சுவர் குட்டை என்பதால் பத்து முறை அடித்தால் ஒரு பந்து மேலே போய்விடும். எடுத்துப் போட ஒருவன் அங்கேயே இருந்தாக வேண்டும். முதலில் அதைத் தண்டனையாக நினைத்தார்கள். ஹாஷிம் கான் கதையைச் சொன்னேன். இப்போது மாடிக்கு யார் போவது என்று சண்டை.

பாகிஸ்தான் கதையின் பின்பாதியையும் பார்த்துவிட வேண்டும். ஒரே கிராமம், ஒன்றிரண்டு குடும்பங்கள், விமானப்படையின் ஆதரவு. இதை வைத்துக்கொண்டு அரை நூற்றாண்டு உலகத்தை ஆண்டார்கள். ஜஹாங்கீர் கான் 1982 முதல் 1991 வரை பத்து பிரிட்டிஷ் ஓப்பன்களைத் தொடர்ந்து வென்றார். ஜான்ஷேர் கான் எட்டு முறை உலகப் பட்டம். எட்டாவது 1996இல். அதற்குப் பிறகு எந்தப் பாகிஸ்தான் வீரரும் அந்தப் பட்டத்தைத் தொட்டதில்லை. 2023இல் ஹம்சா கான் உலக ஜூனியர் பட்டம் வாங்கியபோது, அந்த நாட்டுக்கு அது 37 ஆண்டுக்குப் பிறகு கிடைத்த ஜூனியர் பட்டம். ஒரே கிணற்றில் இறைத்தார்கள். பக்கத்தில் இன்னொன்று தோண்டவில்லை. நான் படித்துப் புரிந்துகொண்டது இதுதான்.

நம் கிணறு சென்னை நேரு பார்க்கில் இருக்கும் ஸ்குவாஷ் அகாடமி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்கு முன்பு இந்திய ஸ்குவாஷ் என்றால் ராணுவ மெஸ்ஸும் அரச குடும்பமும்தான். ஆண்களில் பெயர் சொன்னால் ராணுவ அதிகாரி ராஜ் மன்சந்தா. பெண்களில் ராஜஸ்தானின் ஆல்வார் அரச குடும்பத்து புவனேஸ்வரி குமாரி, 1977 முதல் 1992 வரை பதினாறு தேசியப் பட்டம், விடாமல். அந்தக் கணக்கை 2019இல் பதினேழாவது பட்டத்தோடு தாண்டியவர் நம் ஜோஷ்னா. இடையில் நடந்தது நேரு பார்க் அகாடமி. என். ராமச்சந்திரன் சங்கத்தை நடத்தியதும், மலேசியாவிலிருந்து மேஜர் எஸ். மணியம் வந்து சைரஸ் போன்ச்சாவோடு சேர்ந்து பயிற்சி கொடுத்ததும், கொல்கத்தா பையன் சௌரவ் கோஷல் பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்ததும் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் ஜோஷ்னாவும் தீபிகா பள்ளிக்கலும் இரட்டையர் தங்கம் வாங்கினார்கள். இந்தியாவுக்குக் காமன்வெல்த் ஸ்குவாஷில் அதுதான் முதல் பதக்கம், அதுவே தங்கம். அதே ஆண்டு இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் ஆண்கள் குழு தங்கம். தீபிகா இரட்டைக் குழந்தைகளைப் பெற்றுவிட்டுத் திரும்பி வந்து 2022இல் ஒரே நாளில் இரண்டு உலக இரட்டையர் பட்டம் வாங்கியதை எங்கள் ஆசிரியைகள் ஓய்வறையில் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்வார்கள்.

தேசிய விளையாட்டு என்று ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது. இந்தியாவுக்கு அதிகாரப்பூர்வமாகத் தேசிய விளையாட்டு எதுவும் கிடையாது. பாகிஸ்தானுக்கு இருப்பதும் ஹாக்கிதான். அரசாணை போட்டு ஒரு விளையாட்டு தேசத்தினுடையது ஆவதில்லை, தெருவில் ஆடினால் ஆகிறது. கபடிக்கும் சிலம்பத்துக்கும் யார் அரசாணை போட்டார்கள்?

எகிப்தைக் காட்டி நீங்கள் என்னை மடக்கலாம் என்று தெரியும். அங்கேயும் கெய்ரோ, அலெக்சாண்ட்ரியா இரண்டு ஊர்தானே, அதுவும் கிளப்புகளில்தானே என்பீர்கள். உண்மைதான். 1996இல் கீசா பிரமிடுகளுக்கு முன்னால் கண்ணாடிக் கோர்ட்டை நிறுத்திப் போட்டி நடத்தினார்கள். அகமது பராடா என்ற உள்ளூர் இளைஞன் இறுதி வரை போய் ஜான்ஷேரிடம் தோற்றான். தோற்றாலும் நாட்டுப் பிள்ளைகள் மட்டையைத் தூக்கிவிட்டார்கள். 2003இல் அம்ர் ஷபானா உலக சாம்பியன். அதற்குப் பின் வந்தவர்களை எண்ணி மாளாது. ஆனால் அந்த கிளப்புகள் நம் கிளப்புகள் மாதிரி இல்லை. குடும்பத்தோடு சாயங்காலம் போய் உட்காரும் இடங்கள். பத்து வயதுப் பிள்ளை ஆடும் கோர்ட்டுக்கு அடுத்த கோர்ட்டில் உலக சாம்பியன் வியர்த்துக்கொண்டிருப்பார்.

நம் கிளப் எப்படி என்பதற்கு ஒரு அனுபவம். போன வருடம் ஒரு நகரத்தில் இருக்கும் கிளப்புக்கு நான்கு பிள்ளைகளை அழைத்துப்போனேன். நிஜமான கோர்ட்டை ஒருமுறை கண்ணால் காட்டிவிடலாம் என்று ஆசை. முன்கூட்டியே கடிதமும் கொடுத்திருந்தேன். வாசலில் நின்றவர் பிள்ளைகளின் காலைப் பார்த்தார். தரையில் கறை படாத அடிப்பகுதி உள்ள ஷூ வேண்டுமாம். இரண்டு பேர் செருப்பு, ஒருவன் வெறுங்கால். ஷூவைக் கழற்றிவிட்டுப் பார்க்க மட்டும் செய்கிறோம் என்றேன். உறுப்பினர் கூட வர வேண்டும் என்றார். அவர் மீது கோபமில்லை, சம்பளத்துக்கு நிற்கிறவர். திரும்பும் பேருந்தில் வெறுங்கால் பையன்தான் கேட்டான்: "சார், ஹாஷிம் கான உள்ள விட்டாங்கல்ல?" ஊழியர் பிள்ளையாக இருந்ததால் விட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிளப் நம் வழியில்லை. தமிழ்நாட்டில் எது எல்லோரிடமும் போய்ச் சேர்ந்ததோ அது பள்ளிக்கூடத்து வழியாகத்தான் போயிருக்கிறது. சத்துணவு அப்படி. சைக்கிள் அப்படி. ஸ்குவாஷுக்கு மட்டும் வேறு வழி தேடுவானேன்?

சென்னைக்கு வெளியே கோர்ட்டே இல்லை என்று சொல்லவில்லை. பழைய கிளப்புகளில், சில தனியார் பள்ளிகளில், கல்லூரிகளில் இருக்கின்றன. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டி தமிழ்நாட்டில் நடந்தபோது முதல்முறையாக ஸ்குவாஷையும் சேர்த்தார்கள். மகிழ்ச்சி. அந்தப் போட்டிக்கு வர ஒரு பிள்ளை முதலில் எந்தச் சுவரில் அடித்துப் பழகுவது என்பதுதான் என் கேள்வி.

இப்போது கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். கண்ணாடிக் கோர்ட் வேண்டாம். மரத்தரை வேண்டாம். ஏசி வேண்டவே வேண்டாம். தொகுதிக்கு ஒன்றாகச் சிறு விளையாட்டரங்கம் கட்டும் வேலை நடக்கிறது. அரங்கம் என்றால் காம்பவுண்டு சுவர் எப்படியும் எழும்பும். அந்தச் சுவரில் ஒரே ஒரு மூலையில், 6.4 மீட்டர் நீளத்துக்கு மட்டும், ஐந்து மீட்டர் உயரத்துக்குக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் முன்னால் உயர்ந்து பின்னால் சரியும் பக்கச் சுவர், தரை 9.75 மீட்டருக்கு சிமென்ட், நன்றாகத் தேய்த்த பூச்சு, கீழே ஒரு தகரம். பின்சுவர் இல்லாவிட்டால் பந்து ஓடும்; ஓடட்டும், பிள்ளைகள் ஓடி எடுப்பார்கள். பெஷாவரில் கூரை இல்லாமல்தான் ஆடினார்கள். மழை பெய்தால் விளையாட முடியாதுதான். திண்டுக்கல் மாவட்டத்தில் வருடத்துக்கு எத்தனை நாள் மழை பெய்கிறது என்று எங்கள் விவசாயிகளைக் கேட்டுப் பாருங்கள்.

பந்து விஷயத்திலும் ஒரு வார்த்தை. போட்டிகளில் ஆடுவது இரண்டு மஞ்சள் புள்ளி வைத்த பந்து. குளிர்ந்திருந்தால் களிமண் உருண்டை மாதிரி தரையிலேயே கிடக்கும். அடித்துச் சூடேற்றினால்தான் எழும்பும். நன்கொடையாக வரும் பந்துகள் பெரும்பாலும் அதுதான். முதல் வாரத்திலேயே பிள்ளைகள் வெறுத்துப்போவதற்கு அதுவே போதும். ஆரம்பத்துக்கு நீலப் புள்ளி பந்துகளைக் கொடுங்கள். வெயில் ஏறிய பிறகு எங்கள் சுவரில் இரண்டு மஞ்சள் புள்ளிப் பந்தும் ஓரளவு எழும்பத்தான் செய்கிறது, அது வேறு விஷயம். சூரியன் எங்களுக்கு இலவசமாகச் செய்யும் ஒரே உதவி.

சங்கத்தாரிடம் ஒரு கோரிக்கை. அகாடமியில் பயிற்சி கொடுப்பவர்களில் ஒருவரை மாதத்துக்கு ஒரு வாரம் மாவட்டங்களுக்கு அனுப்புங்கள். பிள்ளைகளுக்குக் கூட வேண்டாம், எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். நான் காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டு கற்றுக்கொடுக்கிறேன். மட்டையைப் பிடிப்பதில் என் தவறு நாற்பது பிள்ளைகள் கையிலும் இருக்கிறது. ஒரு பெண் அடிக்கும்போது மணிக்கட்டைத் தளரவிடுகிறாள். திருத்த வேண்டும் என்று தெரிகிறது, எப்படி என்று தெரியவில்லை.

மலேசியாவைப் பாருங்கள் என்று சொன்னால் கோபிக்க மாட்டீர்கள்தானே? நிக்கோல் டேவிட் 108 மாதம் தொடர்ந்து உலகின் முதலிடத்தில் இருந்தவர், பினாங்குக்காரர். இப்போது எஸ். சிவசங்கரி. 2022இல் கார் விபத்தில் முகத்திலும் கழுத்தெலும்பிலும் அடிபட்டுக் கிடந்தவர். 2023இல் ஹாங்சோவில் ஒற்றையர் தங்கம், 2024இல் லண்டன் கிளாசிக் பட்டம். அவர் ஊர் கெடா மாநிலம். ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அந்தக் கடாரம்தான். இரண்டு பேருமே தலைநகர் கோலாலம்பூரில் பிறந்தவர்கள் இல்லை. படத்தைக் காட்டி, இந்த அக்கா பெயர் சிவசங்கரி என்றதும் எங்கள் பள்ளியில் இருக்கும் இரண்டு சிவசங்கரிகளும் அடுத்த நாளே பெயர் கொடுத்தார்கள்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதல்முறையாக இடம்பெறுகிறது. பல முறை கதவைத் தட்டி ஏமாந்த பிறகு, 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டிதான் முடிவெடுத்தது. ஆண் 16, பெண் 16, ஒற்றையர் மட்டும். ஆகவே இனி பணம், கவனம் எல்லாம் அந்த 32 இடங்களில் ஒன்றிரண்டைப் பிடிப்பதற்குத்தான் போகும். போகட்டும், தவறில்லை. ஆனால் கிளாஸ்கோவையும் நினைவில் வையுங்கள். ஜோஷ்னாவும் தீபிகாவும் தங்கம் வாங்கிய அதே ஊரில் 2026 காமன்வெல்த் நடக்கிறது. செலவைக் குறைக்க ஸ்குவாஷை எடுத்துவிட்டார்கள். பெரிய போட்டிகள் வரும், போகும். எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் எப்படியும் எட்டாது. அவர்களில் யாரும் பதக்கம் வாங்காமலே போகலாம். பதக்கம் வாங்கித் தருகிறேன் என்று உங்களிடம் நான் சத்தியம் செய்யவில்லை.

ஒரு விஷயம் அவசரம். வரும் மே மாதம் எங்கள் பள்ளிக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். பின்சுவரும் பட்டியலில் இருக்கிறது. தலைமையாசிரியர் நல்லவர், "கோடுகளை மட்டும் விட்டுட்டு அடிக்கச் சொல்றேன்" என்றார். ஒப்பந்தக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை, அளந்துதானே பில் போட வேண்டும் என்கிறார். பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மாடியில் உட்காருகிறவன் நேற்று இறங்கி வந்து, "அளவெல்லாம் எழுதி வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டான். இல்லை என்றேன். என் மேசையிலிருந்து நாடாவையும் தன் கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டு போனான். 48, 178, 640 என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, 'மேல் கோடு: 457, சுவர் பத்தாது' என்று குறித்துக் கொண்டுவந்து காட்டினான்.

அந்தப் பக்கத்தின் நகலை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்